முகவரிக்கு உரியது எது?

அலுவலக நெட்வொர்க்கில் ஒவ்வொரு கணினிக்கும் ஓர் ஐபி முகவரி உண்டு. 192.168.1.20 என்பதுபோல நான்கு எண்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. 1981இல் வகுக்கப்பட்ட ஐபியின் நான்காம் பதிப்பின்படி இது 32 பிட் எண். அது சுட்டுவது கணினியையா, கணினி இருக்கும் இடத்தையா?

சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்றிருந்தால் முதல் மூன்று எண்கள் நெட்வொர்க்கையும் கடைசி எண் அதற்குள் உள்ள கருவியையும் குறிக்கும். முதல் மூன்றும் ஒத்த கணினிகள் நேரடியாகப் பேசிக்கொள்ளும்; மற்றவற்றை ரவுட்டர் வழியாகத்தான் எட்ட முடியும். ஆக, முகவரியின் பெரும்பகுதி இடத்தைப் பற்றியதே. பெயர் எதைத் தேடுகிறோம் என்பதையும், முகவரி அது எங்கே என்பதையும் சொல்பவை என்று கணினி அறிவியலாளர் ஜான் ஷோச் 1978இலேயே பிரித்துக் காட்டினார். ஐபி இரண்டு வேலையையும் ஒரே எண்ணின் தலையில் கட்டியது. இனி வரும் சிக்கல்களின் வேர் இதுதான்.

பழுதான பிரிண்டரைக் கழற்றிவிட்டு, அதே மாடலில் புதிய ஒன்றை அதே 192.168.1.20இல் வைத்தால் கணினிகள் வழக்கம்போல அச்சிடும். பொருள் மாறியது அவற்றுக்குத் தெரியாது. லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுபோனாலோ, முகவரிகளைத் தானாக வழங்கும் டிஎச்சிபி வேறு எண்ணைத் தருகிறது. பொருள் மாறவில்லை, முகவரி மாறிவிட்டது. பெயருக்கு உரிய பொருள் எது என்பது பழைய கேள்வி. பௌத்த நூலான ‘மிலிந்த பன்ஹா’வில் துறவி நாகசேனர் மிலிந்த மன்னனிடம், சக்கரமோ அச்சோ தேர் ஆகாது, தேர் என்பது வழக்கில் உள்ள ஒரு குறியீடே, தம் பெயரும் அப்படித்தான் என்கிறார். நெட்வொர்க் நாகசேனர் கட்சி. இந்தியத் தத்துவத்தின் நியாய மரபு இதை ஒப்பாது: கண்டவனும் தொட்டவனும் ஒருவனே என்று அறிய, நிலைத்த ஆன்மா வேண்டும் என்பது அதன் வாதம்.

அப்படியொரு நிலைத்த அடையாளம் கணினியில் உண்டா? நெட்வொர்க் கார்டில் பதிந்த 48 பிட் மேக் முகவரியைக் காட்டுவார்கள். ஆனால் மென்பொருளால் அதையும் மாற்றலாம். இன்றைய செல்பேசிகள் வைஃபைக்கு வைஃபை அதை மாற்றிக்கொள்கின்றன. தோண்டினால் கிடைப்பது இன்னொரு சீட்டுதான்.

ஐபி, மேக் என்ற இரண்டு சீட்டுகளையும் இணைக்கும் ஏஆர்பி நெறிமுறை 1982இல் வந்தது. “192.168.1.20 யாரிடம்?” என்று ஒரு கணினி எல்லோரையும் கேட்கும், பதில் சொன்னதை நம்பிவிடும், சான்று கேட்பதில்லை. இரண்டு கணினிகளுக்குத் தவறுதலாக ஒரே எண்ணைக் கொடுத்துவிட்டால் தகவல் ஒருசமயம் இதற்கும் மறுசமயம் அதற்கும் போகும். எது உண்மையான உரிமையாளர் என்று தீர்க்க நெட்வொர்க்கிடம் எதுவுமில்லை. எந்த எண் எதற்கு என்று நிர்வாகி எழுதி வைத்திருக்கும் பட்டியல்தான் தீர்ப்பு.

127.0.0.1 மட்டும் வேறு வகை. எந்தக் கணினியில் அடித்தாலும் அது அந்தக் கணினியையே குறிக்கும். கேபிளைப் பிடுங்கிவிட்டாலும் அதற்கு அனுப்பும் பிங்குக்குப் பதில் வரும். இடம் மாறினாலும் மாறாத எண் என்பதால், நியாய மரபு தேடும் ஆன்மா இதுதானோ என்று தோன்றலாம். ஆனால் எல்லாக் கணினிக்கும் அதே எண். ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்ட அது உதவாது, அதை வைத்து அடுத்த மேசைக் கணினியை எட்டவும் முடியாது.