தோழியின் குரல்



கோவில் பாடற்குழுவின் பின்வரிசையில் நிற்கிற ஒரு பெண், தனியாகப் பாட ஆசைப்படுவது ஆங்காரமா? உத்தரம் சொல்லுமுன், நீங்கள் எல்லோரும் அறிந்த ஒரு பாட்டை நினைத்துப் பாருங்கள்.

புதுக்கோட்டை, ஆலங்குடி, அறந்தாங்கிப் பக்கத்துக் கலியாண வீடுகளில் ஒலிபெருக்கி கட்டினால், "வாராய் என் தோழி" என்ற பாட்டு எத்தனையோ வருஷங்களாக ஒலித்திருக்கிறது. 1961-ல் வந்த "பாசமலர்" படத்துக்காகக் கண்ணதாசன் எழுத, விசுவநாதன்-ராமமூர்த்தி இசையமைத்தது அது. பாடியவர் எல். ஆர். ஈஸ்வரி. கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த அவருக்கு லூர்து மேரி என்பதும் பெயர்.

அவருடைய தாயார் சினிமாப் பாட்டுகளில் கோரஸ் பாடிவந்தவர். தாயோடு கூடப்போன மகளும் 1954-ல் வந்த "மனோகரா" படத்தில் கூட்டத்தில் ஒருவராய்ப் பாடினார். 1958-ல் "நல்ல இடத்து சம்பந்தம்" படத்தில் கே. வி. மகாதேவன் அவரைத் தனியாகப் பாடவைத்தார். ஆயினும் ஊரெங்கும் அவர் குரலை அறிமுகப்படுத்தியது அந்தக் கலியாணப் பாட்டுத்தான்.

ஆகவே ஆசைப்படுவது குற்றமல்ல. குரலைக் கொடுத்தவர் சர்வேசுரன். தாலந்தைப் புதைத்து வைத்த ஊழியனைச் சேசுநாதர் மெச்சிக்கொள்ளவில்லையே!

ஆனால் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. மகள் முன்னே வந்தார். தாயாரும் அவரோடு நின்று பாடின மற்றவர்களும் என்ன ஆனார்கள்? அவர்களுடைய பெயர்களை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? முன்வரிசைக்கு மட்டுமே மதிப்பு என்றால், அவர்களுடைய பிழைப்பெல்லாம் தோல்வி என்றல்லவோ ஆகும்? அப்படியல்ல. தாயின் தொழிலால்தான் மகளுக்கு ஒலிப்பதிவுக் கூடத்தின் வாசல் திறந்தது. பின்வரிசை வெறும் படிக்கட்டு அல்ல. அதுவே முழு வேலை. நம் ஆண்டவர் நசரேத்தூரில் முப்பது வருஷம் பெயரில்லாமல் உழைத்தார். அந்த உழைப்பு ஒத்திகையா? இல்லை; அதுவும் பிதாவுக்கு உகந்த பலியே.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தப் பாட்டில் பாடுகிறவள் மணப்பெண் அல்ல, தோழி. மணப்பெண்ணை மணவறைக்கு அழைப்பதே அவள் காரியம். பாடகிக்குப் பேர் வாங்கித்தந்த குரலே, மற்றொருத்தியை முன்னே நடத்துகிற குரல்! அர்ச்சியசிஷ்ட ஸ்நாபக அருளப்பரும் தம்மை மணவாளனின் தோழன் என்றே எண்ணினார். மணவாளன் வந்தபோது அவருக்குக் குறை தோன்றவில்லை, சந்தோஷமே நிறைந்தது. தனியாய்ப் பாடினாலும் கூடிப் பாடினாலும் நாம் தோழர்களே, மணவாளன் ஒருவரே.

ஆங்காரத்தை அறிந்துகொள்ள ஓர் ஆத்தும சோதனை உண்டு. தனிப்பாட்டு மற்றொருவளுக்குக் கிடைத்த அன்று, என் குரல் தணிந்துபோகிறதா? கிறிஸ்துமஸ் இரவுப் பூசைக்கு யார் முதலில் பாடுவது என்று மனஸ்தாபம் வருகிறபோது இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பெற்றோர்களே, உங்கள் பிள்ளை முன்னே அழைக்கப்பட்டால் தடுக்காதேயுங்கள். அழைக்கப்படாவிட்டால் அவமானமென்று வீட்டில் பேசாதேயுங்கள். வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும், பின்வரிசையில் பாடின ஒருவரைப் பெயர் சொல்லி அழைத்து, "நன்றாய்ப் பாடினாய் அம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.