சூதின் பெருக்கல் கணக்கு



கோபர்கைரனேயில் சென்ற பௌர்ணமிக் கூட்டத்திலே இளைஞர் ஒருவர் வினவினார்: "மட்காவில் ஒற்றை எண்ணுக்கு 9 மடங்கு, ஜோடிக்கு 90 மடங்கு. யோசித்து ஆடுகிறவன் ஜோடியைப் பிடித்தால் லாபந்தானே, ஐயா?" சிலர் சிரித்தனர். சிரிக்கத்தக்க வினா அன்று அது. பம்பாய்த் தொழிலாளி அறுபது ஆண்டுகளாகத் தன் கூலியைக் கொடுத்துக் கேட்டுவரும் வினா.

மட்கா பருத்தியிலே பிறந்த சூது. நியூயார்க் பருத்திச் சந்தையின் தொடக்க விலையும் முடிவு விலையும் பம்பாய்க்கு வரும். அவ்வெண்களின்மேல் பந்தயம் கட்டுவர். 1961-இல் அவ்வழக்கம் நின்றது. 1962-இல் கல்யாண்ஜி பகத் வோர்லி மட்காவையும், 1964-இல் ரத்தன் கத்ரி புதிய வோர்லி மட்காவையும் தொடங்கினர். மூன்று சீட்டுகளை எடுத்துக் கூட்டினால் வரும் தொகையின் கடைசி இலக்கமே ஆட்டத்தின் எண். காலை முதல் பருத்தியை நூலாக்கிய கைகளே மாலையில் அச்சூதுக்குக் கூலியை நீட்டின.

கணக்கைப் பாருங்கள். எண்கள் 10. ஒவ்வொன்றிலும் 1 ரூபாய் வைத்தால் 10 போய் 9 திரும்பும். ஜோடிகள் 100. எல்லாவற்றிலும் வைத்தால் 100 போய் 90 திரும்பும். இரண்டிலும் நூற்றுக்குப் பத்து நஷ்டமே. மடங்கு பெருகியும் நஷ்டம் குறையவில்லை. ஏற்ற இறக்கமே பெருகிற்று. ஒற்றை எண்ணில் நாளும் வைப்பவன் 100 நாளில் ஏறக்குறைய 10 முறை ஜெயிப்பான். ஜோடியில் வைப்போர் 100 பேரில் சுமார் 37 பேர் அந்த நூறு நாளும் ஒரு பைசாவும் காணார். ஜெயித்தவன் பெயர் சால் முழுதும் கேட்கும். அந்த 37 பேரும் வாய் திறவார். வெற்றியே மிகுதி என்று ஊர் நம்புவது இதனாலேதான்.

தோற்கும்போதெல்லாம் பந்தயத்தை இரட்டிப்பதே உபாயம் என்பாரும் உளர். 1, 2, 4 என்று பத்து முறை தோற்றால் போவது 1,023 ரூபாய். ஒற்றை எண்ணில் தொடர்ந்து பத்து முறை தோற்பதோ நூற்றுக்கு 35 தடவை நேரக்கூடியது! பழைய எண்களின் பட்டியலை விற்று வயிறு வளர்ப்பாரும் உண்டு. நேற்று வந்த எண்ணைச் சீட்டு நினைவில் வைத்திருக்குமோ?

வீடியோ போக்கர் என்னும் இயந்திரச் சீட்டாட்டத்தில் திறமைக்குச் சிறிது இடமுண்டு என்பதையும் மறைக்கலாகாது. எச்சீட்டை வைத்து எச்சீட்டை விடுவது என்றறிந்தவனுக்கு நஷ்டம் குறையும். ஆயினும் அதன் உச்சப் பரிசு வருவது ஏறக்குறைய 40,000 ஆட்டத்துக்கு ஒருமுறை. அடுத்த ஆட்டத்தின் பரிசைப் பெருக்கித் தரும் வகைகளிலோ, அப்பெருக்கலுக்கென்று முன்னதாகவே கூடுதல் காசு கட்டவேண்டும். அவ்வாசையே இன்று கைபேசியில் ஏறி நம் படுக்கையறைக்கும் வந்துவிட்டது. பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்க 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டமே இயற்ற நேர்ந்தது.

இராசகிருகத்தில் பகவன் புத்தர் சிகாலன் என்னும் இல்லறத்தானுக்குச் சூதின் ஆறு கேடுகளை எடுத்துரைத்தார். ஜெயித்தவனைப் பகை சூழும், தோற்றவன் இழந்ததை எண்ணி அழுவான், கைப்பொருள் கரையும், சபையில் அவன் சொல் ஏறாது, நண்பர் இகழ்வர், அவனுக்குப் பெண் கொடார். ஜெயிப்பவனையே முதலிற் கூறினார் என்பதைக் கவனியுங்கள். ஆறாவதைக் குறித்து நம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை: மாப்பிள்ளை பார்க்கப் போகுமிடத்தில் சம்பளம் எவ்வளவு என்று கேட்கிறீர்கள், அதில் வீட்டுக்கு வந்து சேர்வது எவ்வளவு என்றும் கேளுங்கள்.