கிலோவுக்குப் பன்னிரண்டு காசு

வண்டியில் தூங்குகிறவர்கள் இரண்டு வகை. அதில் தூங்கிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே அத்தனை தூரம் ஓட்டிப் போகிறவர்கள் ஒரு வகை. ஓட்டுவது பிழைப்பு என்பதால் அதிலேயே தூங்க வேண்டியவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டு பேரும் ஒரே சாலையில், ஒரே இரவில், ஒரே மைனஸ் டிகிரியில் படுத்திருக்க முடியும். அப்படிப் படுத்திருக்கும்போது அவர்கள் அனுபவிப்பது ஒரே குளிரைத்தானா?

கேள்வி எனக்கு வந்தது ஆபீஸ் நண்பன் ஒருவனால். ஜனவரியில் லடாக் போகிறான். பிக்கப் வண்டியின் பின்பக்கத்தில் பலகை அடித்து, மெத்தை போட்டு, டீசலில் ஓடும் சின்ன ஹீட்டர் ஒன்றைப் பொருத்தியிருக்கிறான். "டீசல் விலையத்தான்டா தாங்க முடியல, இல்லன்னா ரெண்டு மாசம் இருந்திருப்பேன்" என்றான். புதுச்சேரியில் வாட் வரி குறைவு என்பதால் தமிழ்நாட்டைவிட லிட்டருக்குச் சில ரூபாய் குறைவாகவே டீசல் கிடைக்கும். எல்லை பங்க்குகளில் தமிழ்நாட்டு வண்டிகள் வரிசையில் நிற்பது நமக்குப் பழகிய காட்சி. ஆனால் லடாக் இங்கிருந்து மூவாயிரம் கிலோமீட்டருக்கும் மேல். முதல் டேங்க்கில் மிச்சம் பிடித்தது ஆந்திரா தாண்டுவதற்குள் தீர்ந்துவிடும்.

சில வாரம் கழித்து, மேட்டுப்பாளையம் லாரி முனையத்துக்குப் பக்கத்து டீக்கடையில் நாமக்கல் பக்கத்து டிரைவர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். இருபது வருஷமாக நேஷனல் பர்மிட் வண்டி ஓட்டுகிறவர். காஷ்மீரிலிருந்து ஆப்பிள் லோடு ஏற்றி வந்திருக்கிறார். "ராத்திரி குளிருக்கு என்ன அண்ணே பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"ரெண்டு கம்பளிங்க தம்பி. அதுக்கு மேல குளுந்தா மூணு."

"எஞ்சினை ஓட விட்டா கேபின் சூடாகாதா?"

"ஆகுங்க. ட்ரிப்புக்கு இத்தனை லிட்டருன்னு கணக்குப் போட்டுத்தானே குடுக்கறாங்க. அதுல மிச்சம் பண்ணுனா நமக்கு, கூடப்போனா நம்ம கையில இருந்து. தூங்கறதுக்கு டீசல் எரிச்சா வீட்டுக்கு என்னத்தக் கொண்டு போறது?"

இதை அவர் குறையாகச் சொல்லவில்லை. சாலையில் பள்ளம் இருக்கிறது என்பதுபோலச் சொன்னார்.

நாமக்கல்லைத் தொட்டுக்கொண்டு போகும் தேசிய நெடுஞ்சாலை 44, வடக்கே ஸ்ரீநகரில் தொடங்கி தெற்கே கன்னியாகுமரியில் முடிகிறது. சுமார் 3,700 கிலோமீட்டர். இதன் காஷ்மீர்ப் பகுதியில் பனியோ மண்சரிவோ வந்தால் லாரிகள் காசிகுண்ட் பக்கம் கிலோமீட்டர் கணக்கில் நிற்கும். அங்கே டிசம்பர் 21-இலிருந்து நாற்பது நாளுக்கு 'சில்லாய் கலான்' என்று பெயர், கடுங்குளிர்க் காலம். 2024-இல் அது தொடங்கிய நாளன்று ஸ்ரீநகரில் மைனஸ் 8.5 டிகிரி. ஐம்பது வருஷத்தில் அங்கே அவ்வளவு குளிர்ந்த டிசம்பர் இரவு வந்ததில்லை. இருபதுக்குக் கீழே இறங்கினாலே மஃப்ளரைத் தேடும் புதுச்சேரிக்காரர்கள் நாம்.

நான் எஞ்சினியர் என்பதால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெரிய லாரியின் எஞ்சினை நின்ற இடத்தில் ஓட விட்டால் மணிக்கு இரண்டிலிருந்து மூன்று லிட்டர் குடிக்கும். எட்டு மணி நேரத் தூக்கத்துக்கு 16 முதல் 24 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்றால் ஒரு ராத்திரிக்கு இரண்டாயிரம் ரூபாய் வரை. எந்த டிரைவரும் அதை எரிக்க மாட்டார். ஆனால் நண்பன் பொருத்தியிருக்கும் மாதிரி டீசல் ஹீட்டர் மணிக்குக் கால் லிட்டருக்குள்தான் எடுக்கும். ராத்திரி முழுக்க இரண்டு லிட்டர், 180 ரூபாய். பத்து இரவுகளுக்கு 1,800. லாரியில் 15 டன் ஆப்பிள் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிலோவுக்கு 12 காசு. கருவியை வாங்கிப் பொருத்தும் செலவு தனி, ஆனால் அதைப் பல வருஷ ட்ரிப்புகளில் பிரித்துவிடலாம்.

நமது பெரிய மார்க்கெட்டில் ஜனவரியில் ஆப்பிள் வாங்கும் யாரும் 12 காசைக் கவனிக்கக்கூட மாட்டோம். அதே தொகையை ஒரே ஆள் மேல் வைத்தால் 1,800 ரூபாய், அவர் குளிரிலேயே படுத்துக்கொள்கிறார். டீசல் விலை ஏறும்போது நண்பனின் பயணம் இரண்டு மாதத்திலிருந்து மூன்று வாரமாகச் சுருங்குகிறது. டிரைவருக்குப் பயணம் சுருங்காது, அவருடைய சூடுதான் சுருங்கும்.

இதைச் சொன்னால் நண்பன் கேட்பான்: "அதுக்கு நான் என்னடா பண்றது? என் காசு, என் டீசல். நான் போகாம இருந்தா அவருக்குச் சூடாயிடுமா?" ஆகாது. அவன் வாதம் பாதி சரி. குளிரை விரும்புவதில் தப்பில்லை. நட்சத்திரங்கள் அவ்வளவு பக்கத்தில் தெரிவதும், மூச்சு கண்ணாடியில் பனியாகப் படிவதும் மனசுக்கு நல்லதுதான். அடுத்தவன் கஷ்டத்தை விளையாட்டாக்குகிறாய் என்று திட்டுவது எளிது. அப்படிப் பார்த்தால் விரதம் இருக்கிறவர்கள் எல்லாரும் பட்டினி கிடக்கிறவர்களை அவமதிக்கிறார்கள் என்று ஆகிவிடும்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இரண்டு குளிருக்கும் வித்தியாசம் வெப்பமானியில் இல்லை, சுவிட்ச் யார் கையில் இருக்கிறது என்பதில் இருக்கிறது. நண்பன் மைனஸ் பதினைந்திலும் ஹீட்டரைப் போடலாம், வேண்டாம் என்றால் திரும்பிவிடலாம். அந்தக் கதவு திறந்திருப்பதால்தான் குளிர் அவனுக்கு அனுபவமாகிறது. சிமோன் வெய்ல் ஆசிரியர் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு 1934-35-இல் பாரிஸ் தொழிற்சாலைகளில் கூலி வேலை பார்த்தார். உடம்பு நொறுங்கும் வரை பார்த்தார். அவருக்கும் கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் வெளியே வந்தபின் உள்ளே பார்த்ததைப் பற்றி எழுதிக்கொண்டே இருந்தார். விரும்பி ஏற்ற கஷ்டத்துக்கு அர்த்தம் வருவது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

நம்மிடம் இதைவிடப் பழைய உதாரணம் இருக்கிறது. நெடுநல்வாடை ஒரே வாடைக்காற்றை மூன்று இடத்தில் வீச விடுகிறது. வெள்ளத்துக்கு மேட்டுநிலம் ஏறிய இடையர்கள் கையைத் தீயில் காட்டிக் காய்கிறார்கள். அரண்மனையில் குளிர் உள்ளே வராதபடி எல்லாம் இருக்க, அரசி பிரிவால் தூங்காமல் கிடக்கிறாள். பாசறையில் அரசன் நள்ளிரவில் வெளியே வந்து காயம்பட்ட வீரர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு போகிறான். அவன் கூடாரத்துக்குள்ளேயே இருந்திருக்கலாம். விரும்பித்தான் குளிருக்குள் வருகிறான். ஆனால் குளிரை ரசிக்க வரவில்லை. தன் போரினால் அங்கே கிடப்பவர்களுக்குப் பதில் சொல்ல வருகிறான். போரை நிறுத்தவில்லையே என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். என்றாலும் தனக்காகக் குளிரில் கிடப்பது யார் என்று அவனுக்குத் தெரிகிறது.

நமக்கு அது தெரிவதில்லை. 2019 நவம்பரில் இந்தியன் ஆயில், லடாக்குக்காக மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலைக் கொண்டுவந்தது. நல்ல காரியம். அதற்கு முன்பெல்லாம் டேங்க்குக்கு அடியில் தீ மூட்டி டீசலை இளக்குவார்கள். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் பெரிய லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம் என்று மத்திய அரசு விதி போட்டிருக்கிறது. அதுவும் நல்ல காரியம். ஆனால் வழக்கமான லாரி ஏசி எஞ்சின் ஓடினால்தான் ஓடும். ஓட்டுகிற மனிதரை அந்த விதி பார்த்துவிட்டது, எஞ்சினை அணைத்துவிட்டுத் தூங்குகிற மனிதரை இன்னும் பார்க்கவில்லை.

நண்பனைப் போகாதே என்று நான் சொல்லவில்லை. காசிகுண்டில் வரிசையாக நிற்கும் லாரிகளைக் கடந்துபோகும்போது, கண்ணாடிக்குள் கம்பளி மூட்டையாகத் தெரிவது என்ன குளிர் என்று அவனுக்கு உடம்பாலேயே தெரிந்திருக்கும். நம்மில் பலருக்கு அந்த அறிவு கிடையாது. அதை வைத்து என்ன செய்யப்போகிறான் என்பதுதான் என் கேள்வி. லாரி வாடகைக் கணக்கில் ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, டோல், ஹால்டிங் என்று எல்லாவற்றுக்கும் வரி இருக்கிறது. தூக்கத்துக்கு இல்லை. அந்த ஒரு வரியை எழுத வைக்க வேண்டியவர்கள் லோடு ஏற்றுகிறவர்கள், வாங்குகிறவர்கள், விதி போடுகிறவர்கள், பழம் தின்கிற நாம். அதுவரை அந்த 12 காசை நமக்காக ஒருவர் தன் கம்பளிக்குள் கட்டிக்கொண்டிருக்கிறார்.