கான் வெட்டும் மாதம்

புரட்டாசி பிறந்ததும் எங்கள் அப்பாயி தகரப்பெட்டியைத் திறப்பாள். கோத்தகிரிப் பக்கத்து லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், எட்டுக் காம்பராக்களில் எங்களுடையது கடைசி. இஸ்தோப்பில், அதுதான் வாசல் திண்ணையில், சாக்கை விரித்து, பெட்டிக்குள் இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்து வெயில் காட்டுவாள். சிறுமியாக இருந்த நான் நகை இருக்கும் என்று எட்டிப்பார்ப்பேன். இருந்ததெல்லாம் காகிதம்: பாஸ்போர்ட், குடும்ப அட்டை, மண்டபம் முகாமில் கொடுத்த சீட்டு. உரச்சாக்கின் உள்ளே வரும் பிளாஸ்டிக் உறையில் மறுபடி சுற்றி, நூல் கட்டி, கதவுக்குப் பக்கத்திலேயே பெட்டியை வைப்பாள். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அவள் செய்த முதல் ஏற்பாடு அதுதான்.

அது ஏன் என்று எனக்கு வெகுகாலம் புரியவில்லை. 1948-இல் இலங்கையில் வந்த குடியுரிமைச் சட்டம் அங்கே தோட்டங்களில் உழைத்த மலையகத் தமிழர்களில் பெரும்பாலானவர்களை ஒரே நாளில் எந்த நாட்டுக்காரரும் இல்லாதவர்களாக்கியது. 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது. அந்தக் கணக்கில் ஒரு தலைதான் அப்பாயி. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக வந்தவள். தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுப்பதற்கென்று நீலகிரியில் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தாள். புயல் கூரையைக் கொண்டுபோனால் இன்னொரு கூரை போடலாம்; காகிதம் நனைந்தால் மனுசியே இல்லாமல் போய்விடுவோம் என்பது அவள் கணக்கு. அவள் பயந்தது மழைக்கு அல்ல, மழைக்குப் பிறகு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து கேள்வி கேட்கப்போகிறவருக்கு.

இரண்டாவது ஏற்பாடு கான் வெட்டுவது. தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தேயிலை மலையில் மழைத்தண்ணீர் மண்ணை அரித்துப் போகாமல் சரிவுக்குக் குறுக்கே வெட்டி, ஓடைக்குத் திருப்பிவிடும் வாய்க்கால்தான் கான். மலையில் வெட்டினால் பேர் போட்டுச் சம்பளம் உண்டு. லயத்துக்குப் பின்னால் ஓடிய கானுக்குச் சம்பளம் கிடையாது. புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்டு வீடும் சேர்ந்து அதை வெட்டும். ஆம்பளைகள் மண்வெட்டியோடு இறங்குவார்கள், பொம்பளைகள் மண்ணைக் கூடையில் சுமந்து கொட்டுவார்கள், பிள்ளைகள் நாங்கள் கற்பூர மரத்து இலைகளை அள்ளிப் போடுவோம். மேட்டில் முதல் ஆளாக அப்பாயி நிற்பாள். “தண்ணி எங்க ஓடுதுன்னு பாக்காத புள்ள, எங்க நிக்குதுன்னு பாரு” என்பாள்.

பின்னாளில் ஆசிரியை ஆகி, நிலச்சரிவைப் பற்றிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தபோதுதான் அந்த ஒரு வரிக்குள் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தது. நீலகிரியின் பாறைமேல் பல அடி ஆழத்துக்குக் களிமண் கலந்த மண் படிந்திருக்கிறது. ஓடிப்போகிற தண்ணீர் அதை மேலாக அரிக்கும், அவ்வளவுதான். நிற்கிற தண்ணீர் உள்ளே இறங்கும். மண் கனத்து, ஊறி, பிடிப்பு விட்டு, ஒரு கட்டத்தில் சரிவோடு மொத்தமாக இறங்கிவிடும்.

அப்பாவின் ஏற்பாடு வேறு மாதிரி. கூரைத் தகரத்தின் மேல் கல் ஏற்றுவார். மண்ணெண்ணெய், அரிசி, விறகு, ரேடியோவுக்கு பேட்டரி எல்லாம் தீபாவளிக்கு முன்பே வந்துவிடும். 1978 நவம்பரிலும் மறு வருஷமும் மலை முழுக்கச் சரிந்ததைப் பார்த்தவர். ஒருமுறை ஊரைவிட்டு அனுப்பப்பட்டவர் என்பதால், இனி எது வந்தாலும் வீட்டைவிட்டு நகரக்கூடாது என்ற வைராக்கியம் அவருக்கு. 1993 நவம்பரில் குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையில் மரப்பாலத்தில் மலை இறங்கி, சாலையோடு மனிதர்களையும் வாகனங்களையும் கொண்டுபோனது. அதன் பிறகு கார்த்திகை மாதத்தில் பொழுது சாய்ந்தபின் அந்தப் பாதையில் எங்களில் யாரையும் போகவிட மாட்டார். அதற்காகவே ஒரு கல்யாணத்தைத் தை மாதத்துக்குத் தள்ளிவைத்தோம்.

மழை விட்டு வானம் தெளிந்தால் பனி. நீர்ப்பனி முடிந்து உறைபனி விழ ஆரம்பித்தால் இளங்கொழுந்து ஒரே ராத்திரியில் கருகிப்போகும். ஊட்டி தாவரவியல் பூங்காவில் மலர்ச்செடிகளை மிலார்ச் செடி போட்டு மூடுகிற மாதிரி, அம்மா எங்கள் நாலு பாத்தி கேரட்டையும் பீன்ஸையும் கிடைத்ததைக் கொண்டு மூடுவாள். ஆனால் பனி பயிரைத்தான் எடுக்கும். எங்களைத் தூங்கவிடாதது மழைதான்.

கல்யாணமாகி குன்னூர்ப் பக்கம் சொந்த வீடு கட்டினோம். என் ஏற்பாடுகள் எல்லாம் வீட்டுக்குள்ளேயே இருந்தன: எமர்ஜென்சி லைட், மெழுகுவத்தி, இரண்டாவது கேஸ் சிலிண்டர், மாமியாருக்கு ஒரு மாதத்து மாத்திரை. வீட்டுக்குப் பின்னால் ஒரு பள்ளம் எப்போதும் ஈரமாகக் கிடந்தது. பாத்திரம் துலக்க இடம் வேண்டுமென்று அதன்மேல் சிலாப் போட்டேன். சொன்னது நான், போட்டவர் மேஸ்திரி.

2009 நவம்பரில் அந்த மழை வந்தது. கேத்தியில் 24 மணி நேரத்தில் 82 செ.மீ. பதிவானது. மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள்; மலை ரயில் பாதை பல இடங்களில் மண்ணுக்குள் போனது. எங்கள் வீட்டில் ராத்திரி இரண்டு மணிக்குச் சமையல்கட்டுச் சுவர் விரிந்து, முழங்கால் அளவு சேறு உள்ளே வந்தது. மாமியாரை முதுகில் தூக்கிக்கொண்டு என் கணவர் முன்னே போக, குழந்தையோடு நான் வெறுங்காலில் பின்னே போனேன். பள்ளிக்கூடத்தில் தங்கினோம். இரண்டு நாள் கழித்து, பாதி தூரம் நடந்தே அப்பா வந்து சேர்ந்தார். வீட்டுக்குள் வரவில்லை, நேராகப் பின்பக்கம் போனார். சிலாப்பைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, “இதுக்குக் கீழ என்னம்மா இருந்துச்சு?” என்றார்.

கான் இருந்தது. பழைய தோட்டத்துக் கான். நான் பிறந்து வளர்ந்த இடத்தில் அதற்கு ஒரு பெயர் இருந்தும், என் வீட்டுக்குப் பின்னால் அதை வெறும் பள்ளமாகப் பார்த்தேன். இத்தனை வருஷமாகியும் அது என்னை விடவில்லை. வயதானதால் அப்பாயிக்கு அறிவு வந்துவிடவில்லை. தினக்கூலியே அந்தச் சரிவில்தான் என்பதால், தண்ணீர் நிற்கிற இடம் அவள் காலுக்குத் தெரிந்திருந்தது. நான் படித்து மேலே வந்தேன். வரவேண்டும் என்றுதான் அவளும் ஆசைப்பட்டாள். வந்த வழியில் எட்டு வீட்டின் கான் என்பது எனக்கு யாருடையதும் இல்லாததாகிவிட்டது.

மகளுடைய ஏற்பாடு போனுக்குள் இருக்கிறது. கோயம்புத்தூரில் வேலை. இங்கே மேகம் கூடும் முன்பே “ஆரஞ்சு அலர்ட் போட்டிருக்காங்கம்மா” என்று அவளிடமிருந்து செய்தி வந்துவிடும். மாவட்டத்தில் 283 இடங்களை அபாயப் பகுதிகள் என்று குறித்திருப்பதும், 1077-க்குக் கூப்பிட்டால் ஆள் வருவார்கள் என்பதும் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இதை நான் குறைவாக நினைக்கவில்லை. 2009-இல் எங்களுக்கு ஒரு மணி நேரம் முன்னால் யாராவது சொல்லியிருந்தால் அந்தச் சுவர் விரிவதைக் குழந்தை பார்த்திருக்க வேண்டாம். அப்பாயியின் தகரப்பெட்டிகூட இப்போது மகளின் டிஜிலாக்கரில் இருக்கிறது. எந்த மழையும் அதை நனைக்காது. “ரெட் அலர்ட் வந்தா யோசிக்காம பஸ் ஏறி வந்துரும்மா” என்கிறாள். அப்பாயியும் கதவுப் பக்கம்தான் பெட்டியை வைத்திருந்தாள். வெளியேற்றப்படுவோம் என்று அவள் வைத்தாள். வெளியேற ஓர் இடம் இருக்கிறது என்று இவள் சொல்கிறாள். மூன்று தலைமுறையில் இவ்வளவு மாறியிருப்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

ஆனால் கான் போனில் இல்லை. போன புரட்டாசியில் சிலாப்பை உடைத்தேன். அந்தக் கான் ஐந்து வீட்டுக்குப் பின்னால் ஓடுகிறது. என் வீட்டளவுக்கு மட்டும் வெட்டினால் அடுத்த வீட்டில் தண்ணீர் நிற்கும். ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டேன். இரண்டு வீட்டார் வந்தார்கள். ஒரு வீட்டில் குடியிருப்பவர் வீட்டுக்காரரைக் கேட்கச் சொன்னார். இன்னொரு வீட்டில் பதிலே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். “எங்க ஆரம்பிக்கணும்மா?” என்றாள். மேட்டைக் காட்டினேன். அப்பாயி சொன்னதைச் சொன்னேன். மதியம் வரை வெட்டிவிட்டு நிமிர்ந்தவள், மேலே மூன்றாவது வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் குளம்போல் நிற்பதைப் பார்த்தாள். பதில் சொல்லாத வீடு அது. கையைக்கூடக் கழுவாமல், சேற்றுக் காலோடு ஏறிப்போய்க் கதவைத் தட்டினாள். கீழே மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த வீட்டம்மா கதவைத் திறக்கக் கொஞ்சம் நேரமாயிற்று.