செல்லப்பெயரும் ஞானஸ்நானப் பெயரும்

பெண் குழந்தை பிறந்ததும் ஆச்சியின் பெயரை இடுகிறோம். சவரியம்மாள், சந்தியாகம்மாள், ஞானப்பிரகாசியம்மாள் என்று ஞானஸ்நானப் புத்தகத்தில் எழுதப்படுகிறது. வீட்டிற்கு வந்த பின்போ, "இவ்வளவு பழைய பெயரைச் சொல்லி எப்படிக் கூப்பிடுவது?" என்ற பேச்சு எழுகிறது, செல்லமாக வேறொரு பெயரைத் தேடுகிறோம். இது முறைதானா? அற்பக் கேள்வி என்று தள்ளிவிடலாகாது. குழந்தை தன்னை முதன்முதல் அறிந்துகொள்வது தன்னைக் கூப்பிடும் பெயராலே அன்றோ?

செல்லப்பெயர் இடுவது தன்னிலே குற்றமன்று. நம் திருநெல்வேலிச் சீமையில் மருமகள் மாமியாரின் பெயரை வாயால் சொல்லமாட்டாள். ஆகவே மாமியாரின் பெயரைத் தாங்கிய தன் மகளை வேறு பெயரால் அழைத்தாள். அந்தச் செல்லப்பெயர் மரியாதையிலே பிறந்தது. 1925-ஆம் ஆண்டு அர்ச்சியசிஷ்ட பட்டம் பெற்ற குழந்தை தெரேசம்மாளை அவருடைய தகப்பனார் "சின்ன ராணி" என்றே அழைத்து வந்தார். நம் ஊர்த் தகப்பன் மகளை "ராசாத்தி" என்பதும் அதே அன்புதான். குற்றாலத்தில் அருவியாய் விழுந்து தென்காசி வழியே ஓடும் நதிக்குச் சித்திரா நதி என்பது ஏட்டுப் பெயர். நாம் சொல்வதோ சிற்றாறு. அதனால் நதிக்கு என்ன குறை வந்தது?

ஆனால் காரணத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும். பழைய பெயர் வெட்கமாயிருக்கிறது என்று அதை மறைக்க ஒரு நாகரிகப் பெயரைச் சூட்டினால், ஆச்சியும் அவள் காலமும் மறைக்கத்தக்கவை என்று குழந்தைக்குக் கற்பித்தவர்களாவோம். சவரியம்மாள் என்ற பெயரின் வரலாறு என்ன? ஸ்பெயின் தேசத்துப் பாஸ்க் மொழியில் "புது வீடு" என்று பொருள்படும் ஊர்ப்பெயர் அது. 1542-ஆம் ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியாரோடு நம் நாட்டுக்கு வந்து, நம் நாவிலே சவரியாயிற்று. 2022-ஆம் ஆண்டு அர்ச்சியசிஷ்ட பட்டம் பெற்ற தேவசகாயம் பிள்ளையின் மனைவி பார்கவி, தெரேசா என்னும் ஞானஸ்நானப் பெயரைப் பெற்று, தமிழிலே ஞானப்பூ என்று வழங்கப்பட்டார். பெயர் உருமாறுவதால் கெடுதியில்லை. வேரற்றுப் போவதே கெடுதி.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் "கிழவி பெயர்" என்று பிள்ளைகள் கேலி செய்ய, பேத்தி அழுதுகொண்டு வந்தால், "பொறுத்துக்கொள்" என்பது நியாயமாகாது. பெயரைத் தேர்ந்தவர்கள் நாம். பாரத்தைச் சுமப்பவள் அவள். இதற்கு வழியில்லாமலில்லை. சந்தியாகம்மாளைச் சந்தியா என்றும், ஞானப்பிரகாசியம்மாளை ஞானம் என்றும் அழைக்கலாமே! முழுப்பெயரிலிருந்தே முளைத்த பெயர் ஆச்சியையும் நோகச் செய்யாது, பேத்தியையும் கூசச் செய்யாது.

இன்னொன்று. செல்லப்பெயர் வேறு, பட்டப்பெயர் வேறு என்பதைத் தமிழர் அறிவர். நிறத்தையும் உடலையும் சுட்டி, கருப்பி என்றும் குண்டு என்றும் விளையாட்டாக அழைக்கிற பெயர் தெருவுக்குப் பரவினால், அந்தப் பெண்ணின் மனத்தில் அது ஆறாத புண்ணாகும். பிறர் சொல்லக்கூடாத பெயரைப் பெற்றோரும் சொல்லலாகாது.

கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயரை ஞானஸ்நானத்தில் இடாதபடி பெற்றோரும், ஞானப்பெற்றோரும், பங்குக் குருவும் கவனிக்க வேண்டுமென்று 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் கூறுகிறது. வீட்டில் கூப்பிடும் பெயரைப் பற்றி அதில் விதியில்லை. அது பெற்றோரின் மனச்சாட்சிக்கே விடப்பட்டது. ஆகவே, பெற்றோர்களே, முழுப்பெயரின் வரலாற்றை மகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். அவள் வளர்ந்த பின் எந்தப் பெயரால் அழைக்கப்பட விரும்புகிறாள் என்று கேட்டு, அதற்கு இணங்குங்கள். இன்று ஒரு செல்லப்பெயரைத் தேர்ந்தால், அதன் காரணத்தை ஆச்சியின் முகத்துக்கு நேரே சொல்ல முடியுமா என்று பாருங்கள். சொல்ல முடியுமானால், தயங்காமல் அப்பெயரால் குழந்தையைக் கூப்பிடுங்கள்.