வெளியே வந்தவனுக்கு நாம் என்ன தர வேண்டும்?

மறுவாழ்வு இல்லத்தில் ஆறு மாதம் இருந்துவிட்டு ஒருவன் நம் தாமானுக்குத் திரும்பி வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் குடித்தது ஊருக்குத் தெரியும். அம்மாவின் நகையை அடகு வைத்ததும் தெரியும். வெள்ளிக்கிழமை பூஜைக்கு வந்து கோயில் வாசலில் நிற்கிறான். "திருந்திட்டானா? பார்ப்போம்லா" என்று சொல்லிவிட்டு நாம் நகர்ந்து கொள்கிறோம். அவன் தன்னை நிரூபிக்கும் வரை காத்திருப்பது நம் உரிமைதானே என்று தோன்றும். அந்த உரிமை உண்மையிலேயே நமக்கு இருக்கிறதா? இளைஞர்களாகிய நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய கேள்வி இது.

போதையைப் பற்றி நம்மிடையே இரண்டு பேச்சுகள் உண்டு. "அது நோய், அவன் மேல தப்பே இல்ல" என்பது ஒன்று. "யாரும் வாயில ஊத்தலையே, அவனாத் தேடிக்கிட்டது" என்பது இன்னொன்று. இரண்டும் பாதி உண்மைதான். முதல் கிளாஸை எடுத்தது அவன் கைதான். ஆனால் பல வருடம் விடாமல் குடித்தவனின் மூளையும் நரம்பும் மதுவுக்கே பழகிப் போகின்றன. அப்படிப்பட்டவன் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், வலிப்பு வரலாம், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியலாம். சில சமயம் உயிரே போகலாம். "மனசு வச்சா நாளைக்கே விட்டுடலாமே" என்று நாம் சுலபமாகச் சொல்கிறோம். அவனுக்கு அது ஆபத்தான அறிவுரை. அதனால்தான் முதல் சில நாட்கள் மருத்துவர் கண்காணிப்பில் கழிய வேண்டும் என்கிறார்கள்.

அதற்காக அவனுக்குப் பொறுப்பே இல்லை என்றும் ஆகிவிடாது. இனிப்புநீர் வந்ததற்கு ஒருவரை நாம் திட்டுவதில்லை. ஆனால் மருந்து சாப்பிடுவதும் வாயைக் கட்டுவதும் அவர் வேலைதானே? இதுவும் அப்படித்தான். நோய் வந்த கதை எப்படி இருந்தாலும், எழுந்து நடக்க வேண்டியவன் அவன்தான்.

தங்கியிருந்து சிகிச்சை பெறும் இடங்களில் இந்த நடையைத்தான் பழக்குகிறார்கள். குறித்த நேரத்தில் எழ வேண்டும், படுக்கையை மடிக்க வேண்டும், கூட்ட வேண்டும், சமைக்க வேண்டும். வட்டமாக உட்கார்ந்து, செய்ததைப் பொய் கலக்காமல் சொல்ல வேண்டும். பழைய கூட்டாளியும் பழைய கடையும் கைக்கெட்டாத தூரத்தில் இருப்பதே அங்கே பாதி மருந்து. அந்தத் தூரம் வெளியே வந்த அன்றே இல்லாமல் போய்விடுகிறது. அதே பஸ் ஸ்டாப், அதே கடை, அதே "வா மச்சான்".

நம் நாட்டில் 1983ஆம் ஆண்டு வந்த போதைப் பித்தர்கள் சிகிச்சை, மறுவாழ்வுச் சட்டம் இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. மையத்தில் இரண்டு வருடம், அதற்குப் பிறகு வெளியே இரண்டு வருடக் கண்காணிப்பு என்று அது வகுத்தது. உள்ளே எவ்வளவு காலமோ, வெளியேயும் அவ்வளவு காலம். ஹெராயின் பழக்கம் இருந்தவனுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. பல மாதம் தொடாமல் இருந்ததால் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும். தனிமையிலும் விரக்தியிலும் பழைய அளவையே ஒரு தடவை எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். ஆகவே வீடு திரும்பும் நாள் முடிவு நாள் அல்ல. மிகவும் கவனமாக இருக்க வேண்டிய காலம் அன்றுதான் தொடங்குகிறது.

திருக்குறளில் கள்ளுண்ணாமை 93ஆம் அதிகாரம். இரண்டு அதிகாரம் தள்ளி, 95ஆவதாக வருவது மருந்து. அதன் கடைசிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்காகப் பிரிக்கிறார். நோயாளி ஒருவர், மருத்துவர் ஒருவர், மருந்து ஒன்று, பக்கத்தில் இருந்து கவனிப்பவர் ஒருவர். முதல் மூன்றும் மறுவாழ்வு இல்லத்திலேயே கிடைத்துவிடும். நான்காவது ஆள்? வீடு திரும்பிய பிறகு அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது. அங்கே நிற்க வேண்டியவர்கள் குடும்பமும் கோயிலும் நண்பர்களும்.

இங்கே மூன்று விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒன்று மன்னிப்பு. அது அடிபட்டவர்களின் சொத்து. அவன் மனைவியிடமோ தாயிடமோ போய், "மன்னிச்சிடுங்கக்கா, பாவம்" என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. இரண்டாவது நம்பிக்கை. அதை அவன்தான் சிறுகச் சிறுகச் சம்பாதிக்க வேண்டும். வந்த வாரமே உண்டியல் சாவியைக் கொடுக்கச் சொல்லவில்லை. மூன்றாவது இடம். உட்கார ஒரு நாற்காலி, செய்ய ஒரு வேலை, பெயர் சொல்லிக் கூப்பிட நாலு பேர். இதற்கு நிரூபணம் கேட்பது நியாயமில்லை. நிற்க இடமே கொடுக்காவிட்டால் எங்கே நின்று அவன் நிரூபிப்பான்?

தவறான வழியில் வாழ்ந்து, வெறுத்துப் போய், திருவண்ணாமலைக் கோபுரத்திலிருந்து குதித்த அருணகிரிநாதரை முருகன் தாங்கிக்கொண்டான் என்பது நாம் சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. குதித்தவரிடம் முருகன் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்கவில்லை. முதலில் தாங்கினான், பிறகு பாடும் வேலையைக் கொடுத்தான். திருப்புகழ் பிறந்தது அதற்குப் பிறகுதான்.

"இடம் கொடுத்து மறுபடி குடிச்சிட்டான்னா?" என்று கேட்கலாம். நடக்கலாம், இந்த நோயில் சறுக்கல் சகஜம். அப்போது பொய் சொல்லி அவனை மறைக்கவும் வேண்டாம், கையில் காசு கொடுக்கவும் வேண்டாம். போதையோடு வந்தால் அன்று உள்ளே விடவும் வேண்டாம். அவனுடைய ஆலோசகருக்குப் போன் போடச் சொல்லுங்கள். "தெளிவா இருக்கும்போது வா, உன் வேலை அப்படியேதான் இருக்கு" என்று சொல்லி அனுப்புங்கள். கண்டிப்பும் கதவு திறந்திருப்பதும் சேர்ந்தே இருக்க முடியும்.

1946, 47ஆம் ஆண்டுகளில் கெடா தோட்டங்களில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடைகளுக்கு முன்னால் மறியல் செய்தார்கள். தோட்டத்துச் சம்பளம் கடைக்குப் போகாமல் வீட்டுக்கு வர வேண்டும் என்று நின்றவர்கள் அவர்கள். இன்று நம்மிடம் கேட்கப்படுவது அதைவிடச் சின்ன வேலைதான். அடுத்த பிறந்தநாள் விருந்தில் "ஒரு கிளாஸ்தானே" என்று யாரையும் வற்புறுத்தாதீர்கள். அடுத்த அன்னதானத்தில் காய்கறி நறுக்க, பரிமாற, நாற்காலி அடுக்க ஆட்களை எழுதும்போது, இல்லத்திலிருந்து திரும்பிய அந்த அண்ணன் பெயரையும் பட்டியலில் சேருங்கள். சேர்த்துவிட்டு, முதல் நாள் ராத்திரி போன் போட்டு, "அண்ணே, காலையில ஏழு மணிக்கு வந்துடுங்க" என்று சொல்லுங்கள்.