மனந்திரும்புதலின் விலையைக் கொடுப்பது யார்?



தவறான வழியை விட்டு நல்வழிக்குத் திரும்புகிறவனை நாம் புகழ்கிறோம், புகழத்தான் வேண்டும். ஆனால் அவன் திரும்பும்போது உண்டாகும் நஷ்டம் யார் தலையில் விழுகிறதென்று நாம் கேட்பதுண்டா? ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் முதல் வேதபோதகர்கள் உழைத்த காலத்துச் சம்பவம் ஒன்று இக்கேள்வியை எழுப்புகிறது.

இன்று போட்ஸ்வானா எனப்படும் நாட்டில், குவேனா குலத்தாரைச் செச்சேலே என்னும் அரசர் ஆண்டுவந்தார். லண்டன் மிஷனரி சங்கத்துப் போதகரான டேவிட் லிவிங்ஸ்டன் அவருக்கு வேதம் போதித்தார். கூர்ந்த புத்தியுடைய அரசர் வெகு சீக்கிரத்தில் வாசிக்கக் கற்றார், வேதாகமத்தைத் தம் மொழியிலேயே வாசித்தார், ஞானஸ்நானம் கேட்டார். அவருக்கோ ஐந்து மனைவியர். வேதத்தை வாசிக்கத் தெரிந்த அவர் செய்யவேண்டியது என்னவென்று அவரே தீர்மானிக்கும்படி லிவிங்ஸ்டன் விட்டுவிட்டார். அரசர் வீட்டிற்குப் போய், ஒருத்தியை மாத்திரம் மனைவியாக வைத்துக்கொண்டு, மற்ற நால்வரையும் விலக்கினார். புத்தாடையும், அவரவர் குடிசையில் இருந்த தம் பொருள்களையும் கொடுத்தார். அவர்கள்மேல் குற்றம் ஏதுமில்லை, கடவுளின் சித்தத்தைப் பின்பற்றவே இப்படிச் செய்வதாகச் சொல்லி, பெற்றோரிடம் அனுப்பினார். 1848-ல் அவர் ஞானஸ்நானம் பெற்றார்.

அன்று முதியோர் சிலர் கண்ணீர் விட்டனர். விலக்கப்பட்ட பெண்களின் உறவினர் வேதத்திற்கு விரோதிகளானார்கள். பள்ளிக்கும் ஜெபத்திற்கும் வருவோர், அரசர் குடும்பத்தாரைத் தவிர, வெகு சிலராகக் குறைந்தனர். அடுத்த ஆண்டில், விலக்கப்பட்ட ஒருத்தி அரசரால் கருவுற்றிருப்பது தெரியவந்தது. லிவிங்ஸ்டன் அவரைத் திருவிருந்திலிருந்து நிறுத்திவைத்தார். ஆயினும் செச்சேலே விசுவாசத்தைக் கைவிடவில்லை. போதகர் போனபின், 1892-ல் இறக்கும் வரையில், தம் மக்களுக்குத் தாமே வேதம் போதித்து வந்தார்.

இதில் பிழை எங்கே? ஒருவனுக்கு ஒருத்தி என்பது ஆண்டவருடைய போதனை. அதை மாற்ற எவருக்கும் அதிகாரமில்லை. ஆனால் அந்த நால்வரைப் பாருங்கள். அவர்கள் தங்கள் குலத்து முறைப்படி மணமுடித்தவர்கள். அங்கே மணமகன் வீட்டார் பெண் வீட்டிற்கு மாடுகள் கொடுப்பார்கள். திருமணம் இரண்டு குடும்பங்களைக் கட்டும் உறவு. காரணமின்றித் திரும்பி வந்த பெண், தன் வீட்டாருக்கு அவமானமாகத் தோன்றினாள். மனந்திரும்பியவர் அரசர், விலை கொடுத்தவர்களோ அப்பெண்கள்.

இக்கஷ்டத்தைக் கண்டு, நேட்டாலில் ஆங்கிலிக்கன் மேற்றிராணியாரான கொலென்சோ, மனந்திரும்புகிறவர்களை இருக்கும் மனைவியரைத் தள்ளிவிடக் கட்டாயப்படுத்தலாகாதென்று 1855-ல் வாதாடினார். அவருடைய இரக்கம் நல்லது. முடிவை நாம் ஏற்க முடியாது. சட்டத்தைத் தளர்த்துவது ஒரு வழி. சட்டத்தைக் காத்து, அதனால் நோகிறவர்களையும் காப்பது மற்றொரு வழி. 1983-ம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு இரண்டாவது வழியையே காட்டுகிறது. பல மனைவியரை உடையவன் ஞானஸ்நானம் பெற்று ஒருத்தியோடு வாழும்போது, விலக்கப்பட்ட மற்றவர்களின் தேவைகள் நீதிக்கும் அன்புக்கும் ஏற்றபடி நிறைவேறுகின்றனவா என்று மேற்றிராணியார் கவனிக்கவேண்டும் என்கிறது 1148-ம் சட்டம். நீதியோடு கூடாத பக்தி முழுமையானதல்ல என்பதே இதன் பொருள்.

இது அரசர்களுக்கு மாத்திரம் சொன்னதன்று. கள்ளத் தராசை எறிந்துவிட்ட வியாபாரி, அதனால் ஏமாந்தவர்களுக்கு ஈடு செய்தானா? தகாத உறவை முறித்தவன், அதில் பிறந்த குழந்தைக்குச் சோறு போடுகிறானா? குடியை விட்டவன், தான் வாங்கிய கடனை மனைவியின் தலையில் விட்டுவிட்டானா? பாவசங்கீர்த்தனம் செய்து எழுந்தவுடன் மனம் இலகுவாகிறது. அந்தப் பாரம் இறங்கியது மற்றொருவர் தோளிலா என்று அப்போதே திரும்பிப் பாருங்கள். அப்படியானால், அதைத் தூக்கிக்கொள்வதே உங்கள் முதல் அபராதம்.